டபிள் கப்பில முறிஞ்ச சில்லு ஸ்டட் மாத்துறது: ஆரம்பத்தில இருந்து கடைசி இறுக்கல் வரைக்கும்

சில்லு ஸ்டட் எண்டது ஹப்பில (சில்லு பூட்டிற நடுத் துண்டில) இருந்து நீட்டிக்கொண்டு நிக்கிற, சில்லு நட் பூட்டிற புரியாணி. அதை மாத்துறது பெரிய வித்தை இல்லை, கை பழகின ஆள் ஒரு பின்னேரத்துக்குள்ள முடிச்சிடும். ஆனா வன்னிப் பக்கம் ஓடுற டபிள் கப் (ரெண்டு வரிசை சீற் உள்ள பிக்கப்), ஜீப்புகளைப் பாத்தா ஒண்டு விளங்கும், ஸ்டட் மாத்தின அதே சில்லில தான் கொஞ்ச நாளில பக்கத்து ஸ்டட்டும் முறியுது, இல்லாட்டி நட் இளகி சில்லு ஆடத் தொடங்குது. புது ஸ்டட்டில பிழை இருக்கிறது குறைவு. கனபேர் ஒழுங்கை மாத்திச் செய்யிறதும், அளவாப் பாக்க வேண்டியதைப் பலத்தால பாக்கிறதும் தான் பிரச்சினை.

கீழ இருக்கிறது ஹைலக்ஸ், எல் 200, டி மக்ஸ், நிசான், லாண்ட் குறூசர் மாதிரி நாலு சில்லும் இழுக்கிற வாகனங்களுக்கு. பின்பக்கமா இருந்து தட்டி இருத்திற ஸ்டட் தான் இதுகள் எல்லாத்திலயும் இருக்கு.

1. முறிஞ்ச துண்டைத் தூக்கி எறியாதேங்கோ

வேலை தொடங்க முதல் முறிஞ்ச துண்டை துடைச்சு வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. முறிஞ்ச முகத்தில ஒரு பக்கம் வழுவழுப்பா வளைவு வளைவாக் கோடு தெரிஞ்சு, மிச்சம் கொஞ்ச இடம் மட்டும் சொரசொரப்பா இருந்தா அந்த ஸ்டட் ஒரே நாளில முறியேல்லை, நட் இளகி ஓடி ஓடி கொஞ்சம் கொஞ்சமா வெடிச்சு வந்திருக்கு. முறிஞ்ச இடம் கழுத்து மாதிரி மெலிஞ்சு இழுபட்டு இருந்தா அது அளவுக்கு மிஞ்சி இறுக்கினது.

இது ஏன் முக்கியம் எண்டா, முறிஞ்சது ஒண்டு எண்டாலும் காரணம் எல்லா ஸ்டட்டுக்கும் பொது. அதே எயார் கன்னால (காத்தழுத்தத்தில நட் இறுக்கிற மெசின்) அதே ஆள் தான் மிச்ச அஞ்சையும் இறுக்கினது. இளகி ஓடின சில்லு எண்டா மிச்ச அஞ்சும் அதே ஆட்டத்தைத் தாங்கித் தான் நிக்குது.

றிம்மையும் பாருங்கோ. நட் ஓட்டை வட்டமா இல்லாம முட்டை வடிவா வந்திருந்தா, இல்லாட்டி ஓட்டையைச் சுத்தி மயிர் மாதிரி வெடிப்புத் தெரிஞ்சா அந்த றிம் முடிஞ்சுது, புது ஸ்டட் போட்டும் பிரயோசனம் இல்லை. றிம்முக்கும் ஹப்புக்கும் இடையில தடிப்பாப் பெயின்ற் அடிச்சிருந்தாலும் அதே கதை தான், ஓட ஓட பெயின்ற் நசிஞ்சு மெலிய நட் தானா இளகும். கிறவல் றோட்டுச் செம்மண் தூசி அந்த இடைக்குள்ள படிஞ்சு காய்ஞ்சு கிடந்தாலும் இப்பிடித் தான்.

2. அந்தச் சில்லோட வீட்டை போகலாமோ?

ஆறு ஸ்டட்டில ஒண்டு போனா, லோட் இறக்கிப்போட்டு, மிச்ச அஞ்சையும் ஒருக்கா இறுக்கிப் பாத்து, மெதுவா கிட்ட இருக்கிற கராஜ் வரைக்கும் போகலாம். அஞ்சு ஸ்டட் வாகனத்தில அந்த அளவு தாராளம் இல்லை, இன்னும் கவனமாப் போகோணும். பக்கத்துப் பக்கத்தில ரெண்டு போயிருந்தா அசைக்கவே வேண்டாம், சாமானை அங்க கொண்டு வரச் சொல்லுங்கோ. நெல்லு ஏத்திக்கொண்டு "முத்தையன்கட்டில இருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும் தானே" எண்டு ஓடுறது தான் பிறகு பிரேக் ட்ரம்மும் றிம்மும் சேர்ந்து போறதுக்கு வழி.

3. எத்தினை ஸ்டட் மாத்தோணும்

ஒண்டு முறிஞ்சா அதோட ரெண்டு பக்கத்திலயும் இருக்கிற ரெண்டையும் சேர்த்து மூண்டா மாத்துங்கோ. முறிஞ்சதின்ர பாரத்தை அதுகள் ரெண்டும் தான் சுமந்தது. ரெண்டோ அதுக்கு மேலயோ முறிஞ்சிருந்தா அந்தச் சில்லில இருக்கிற எல்லாத்தையும் மாத்துங்கோ.

முறியாத ஸ்டட் நல்லமோ எண்டு பாக்க ஒரு லேசான வழி இருக்கு. புரியை கம்பி பிரஷ்ஷால துப்பரவாக்கிப்போட்டு ஒரு புது நட்டை விரலால சுத்துங்கோ. அடி வரைக்கும் ஒரே மாதிரி ஓடினா சரி. நுனியில லேசா ஓடி நடுவில வந்து இறுகினா அந்த இடத்தில புரி இழுபட்டிருக்கு, முறியாட்டியும் அதுவும் போகவேண்டிய ஸ்டட் தான்.

4. சாமான் வாங்கிறது

கடைக்குப் போகேக்க வாகனத்தின்ர பேரை மட்டும் சொல்லி வாங்காதேங்கோ. பழைய ஸ்டட் ஒண்டைக் கொண்டு போங்கோ, முறிஞ்ச துண்டு ரெண்டையும் சேர்த்துக் கொண்டு போனாலும் காணும். கிளிநொச்சி, வவுனியாவில ஓடுற மொடலுகளுக்கு ஸ்டட் எடுக்கலாம், பழைய லாண்ட் குறூசர் மாதிரி எண்டா சிலவேளை கொழும்பில பஞ்சிகாவத்தையில சொல்லி பஸ்ஸில எடுப்பிக்க வேண்டி வரும். அதால சாமான் கையில வந்தாப் பிறகு தான் வாகனத்தைக் கழட்டுங்கோ.

பாக்க வேண்டியது நாலு விசயம்.

முதல்ல புரி. ஹைலக்ஸ், எல் 200, டி மக்ஸ் எல்லாம் 12 மில்லி தடிப்பு, புரி இடைவெளி 1.5 மில்லி. நிசான் 12 மில்லி தான், ஆனா இடைவெளி 1.25. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரித் தான் தெரியும், நட் மூண்டு நாலு சுத்து ஓடவும் செய்யும், பிறகு இறுகும், அப்ப பவர் பார் (சொக்கற் திருப்பிற நீட்டுக் கைபிடி) போட்டுத் திருப்பினா நட்டும் போகும் ஸ்டட்டும் போகும். அஞ்சு ஸ்டட் லாண்ட் குறூசருக்கு 14 மில்லி, 1.5. பழைய லாண்ட் றோவர் டிஃபெண்டருக்கு 16 மில்லி, 1.5.

ரெண்டாவது, தலைக்குக் கீழ இருக்கிற பல்லு வெட்டின பகுதி. அது தான் ஹப்பில கடிச்சுப் பிடிக்கிற இடம். வேர்னியரால அதின்ர தடிப்பை அளந்து பாருங்கோ, பழைய ஸ்டட்டை விட மெல்லிசா இருந்தா உள்ள சுத்தும், தடிப்பா இருந்தா ஹப் வெடிக்கும். "கிட்டத்தட்டச் சரி" எண்டு கடைக்காரர் சொன்னா வாங்காதேங்கோ.

மூண்டாவது நீளம். அலோய் றிம் தடிப்புக் கூட. நட் இறுக்கினாப் பிறகு ஆகக் குறைஞ்சது ஸ்டட்டின்ர தடிப்பளவுக்குப் புரி நட்டுக்குள்ள இருக்கோணும், 12 மில்லி, 1.5 புரி ஸ்டட் எண்டா எட்டுச் சுத்து. நாலாவது தலையின்ர வடிவம். சில ஸ்டட்டில தலை ஒரு பக்கம் தட்டையா வெட்டியிருக்கும், அது பின்னால ஏதோ ஒண்டில முட்டாம இருக்க வெட்டினது, வட்டத் தலையை வாங்கினா போகாது.

நட்டும் புதுசா வாங்குங்கோ. கூம்பு முகம் உள்ள றிம்முக்குக் கூம்பு நட், வாஷரோட வாற நீட்டுக் கழுத்து நட் அதுக்கெண்டு செய்த அலோய் றிம்முக்கு மட்டும். மாறிப் போட்டா நட் இறுகின மாதிரி இருக்கும், றிம் இறுகியிராது.

இன்னொண்டு, லேத்தில கடைஞ்ச ஸ்டட்டும், முறிஞ்ச ஸ்டட்டில வெல்டிங் பிடிச்சதும் வேண்டவே வேண்டாம். சில்லு ஸ்டட் சூடு காட்டிப் பதப்படுத்தின உருக்கு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில அந்தப் பதம் போயிடும், பக்கத்தில இருக்கிற ஒயில் சீலும் பெயாரிங் கிறீஸும் கருகும். லேத்துக்காரர் கெட்டிக்காரரா இருக்கலாம், அவர் கடையிற இரும்பு சாதாரண இரும்பு.

5. கையில என்ன இருக்கோணும்

நட்டின்ர அளவுக்குச் சொக்கற் (கனக்க 21 மில்லி), பவர் பார், நல்ல ஜக், ஸ்ராண்ட் ரெண்டு, சில்லுக்கு அடைக்கக் கட்டைகள், சுத்தியல், பித்தளைக் கட்டை, பெரிய ஜி கிளாம்ப், கம்பி பிரஷ், துரு இளக்கிற ஸ்பிறே, கட்டுக் கம்பி, 8 மில்லி போல்ட் ரெண்டு. பிறகு ஆரும் யோசிக்காத ஒண்டு, தடிப்பான வாஷர் அஞ்சாறும் பலி குடுக்கிறதுக்கு அதே புரி உள்ள பழைய நட் ஒண்டும். இந்த வாஷர் இல்லாம போறதால தான் முக்காவாசிப் பேர் 10 ஆவது படியில குறுக்குவழி தேடுறது.

டோர்க் றெஞ்ச் (எவ்வளவு பலத்துக்கு இறுக்கிறம் எண்டு அளந்து காட்டிற சாவி) இருந்தா நல்லம். இல்லாட்டிக் கொளுக்கித் தராசு ஒண்டு எடுத்து வையுங்கோ, ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

6. தூக்க முதல் இளக்குங்கோ, தூக்கினாப் பிறகு நம்பாதேங்கோ

நட்டுகளை சில்லு நிலத்தில இருக்கேக்கயே கால் சுத்து இளக்குங்கோ. தூக்கினாப் பிறகு இழுத்தா சில்லு சுத்தும், இல்லாட்டி வாகனம் ஜக்கில இருந்து வழுகும்.

மாரியில களிமண் நிலம் மேல காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் ஜக் அடிக்க அடிக்க உள்ள இறங்கும். அகலமான பலகைத் துண்டு ஒண்டு ஜக்குக்குக் கீழ, ஸ்ராண்டுக்குக் கீழயும் ஒண்டு. குளக்கட்டுச் சரிவில, வாய்க்கால் ஓரத்தில எல்லாம் இந்த வேலை வேண்டாம்.

பின் சில்லு எண்டா இன்னொரு சிக்கல் இருக்கு. ஹைலக்ஸ் மாதிரி வாகனத்தில ஹாண்ட் பிரேக் பின் ட்ரம்மில தான் பிடிக்கும், ட்ரம் கழட்ட அதை விடோணும், அப்ப வாகனத்தை எது பிடிச்சு நிக்கும்? வெறும் கியரில விட்டாலும் காணாது, பின் சில்லு ஒண்டு அந்தரத்தில நிண்டா டிஃப்பால (ரெண்டு பின் சில்லையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற பல்லுப் பெட்டி) அது சுத்திக்கொடுக்க வாகனம் உருளும். அதால முன் சில்லு ரெண்டுக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை அடைச்சு, முன் ஃப்றீ வீல் ஹப்பை (முன் சில்லை இழுவையோட சேர்க்கிற பூட்டு) லொக் பண்ணி, நாலு சில்லு லோவில போட்டு, கியரிலயும் விடுங்கோ.

இனி இப்பிடி லொக்கான வாகனத்தில ஒரு பின் சில்லை மட்டும் தூக்கினா அந்தச் சில்லு திரும்பாது, உங்களுக்கோ ஸ்டட்டை வெளியில எடுக்க அதைத் திருப்பித் திருப்பி இடம் பாக்கோணும். அதுக்குப் பின் ரெண்டு சில்லையும் தூக்கி அக்சிலுக்குக் கீழ ஸ்ராண்ட் ரெண்டு வையுங்கோ. ஒண்டைத் திருப்ப மற்றது எதிர்ப்பக்கம் திரும்பும், வாகனம் அசையாது. கழட்டின சில்லை வாகனத்துக்குக் கீழ தள்ளி விடுங்கோ, ஸ்ராண்ட் வழுகினாலும் சில்லில தான் விழும்.

7. கழண்டு வராத நட்

முல்லைத்தீவு, பூநகரிக் கரையோரம் ஓடின வாகனத்தில உப்புக் காத்துக்கு நட் துருப்பிடிச்சு ஸ்டட்டோட ஒண்டாயிருக்கும். ஸ்பிறே அடிச்சு ஊற விடுங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. பிறகு இளக்கிறதுக்கு முதல் ஒருக்கா இறுக்கிற பக்கம் கொஞ்சம் அசைச்சுப் பாருங்கோ, துரு உடைஞ்சா மற்றப் பக்கம் லேசா வரும்.

மோசமானது நட்டோட சேர்ந்து ஸ்டட்டும் சுத்திறது. பல்லு தேய்ஞ்சு போச்சு, எவ்வளவு சுத்தினாலும் கழண்டு வராது. மற்ற நட்டுகளை இளக்கி விட்டு, றிம்முக்குப் பின்னால லீவர் குடுத்து சில்லை வெளியில தள்ளிப் பிடிச்சுக்கொண்டு ஒரு ஆள் நட்டைத் திருப்ப, ஸ்டட்டின்ர தலை ஹப்பில நெரிபட்டு நிண்டு கழண்டு வாறதும் உண்டு. அதுவும் சரிவராட்டி உளியால நட்டைப் பிளக்கிறது, இல்லாட்டி கிறைண்டர். கிறைண்டர் எண்டா றிம்மை ஈரச் சாக்கால மூடுங்கோ, ரயரில பொறி படவே கூடாது.

8. பின் பக்கம்: ட்ரம்மைக் கழட்டிறது

ட்ரம்மிலயும் ஸ்டட் இருக்கிற தட்டிலயும் ஒரே நேர்கோட்டில ஒரு குறி போடுங்கோ, திரும்ப அதே இடத்தில போட. ஹாண்ட் பிரேக் விட்டிருக்கோ எண்டு திரும்பவும் பாருங்கோ. ட்ரம் ஒட்டியிருந்தா அதின்ர முகத்தில புரி வெட்டின சின்ன ஓட்டை ரெண்டு இருக்கும், ரொயோட்டாவில 8 மில்லி போல்ட் போகும், ரெண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்க ட்ரம் தானா வெளியில வரும். ட்ரம்மின்ர விளிம்பில சம்மட்டியால அடிக்கிற பொடியளை கன இடத்தில பாக்கலாம், வார்ப்பு இரும்பு, ஒரு துண்டு பேந்து வந்தா ட்ரம்மின்ர காசு உங்களுக்கு. உள்ள விளிம்பு தேய்ஞ்சு ட்ரம் பிரேக் சூவில கொளுவினா பின் தட்டில இருக்கிற ஓட்டைக்குள்ளால அட்ஜஸ்டரை இளக்குங்கோ.

ட்ரம் கழண்டாப் பிறகு ஒருத்தரும் பிரேக் மிதிக்கக் கூடாது, சிலிண்டர் பிஸ்டன் வெளியில பாய்ஞ்சிடும். வாகனத்துக்குள்ள ஏறி விளையாடுற பிள்ளையள் இருந்தா திறப்பை எடுத்து கதவைப் பூட்டிப்போடுங்கோ. உள்ள இருக்கிற கறுப்புத் தூசியைக் கொம்பிரசரால ஊதாதேங்கோ, சுவாசப்பைக்குக் கேடு, ஈரத் துணியால துடைங்கோ. அப்பிடியே அக்சில் சீலால ஒயில் கசியுதோ எண்டும் பாத்துக்கொள்ளுங்கோ, இன்னொருக்கா இதுக்காகக் கழட்டத் தேவையில்லை.

9. முன் பக்கம்: எந்த மொடல் எண்டு தெரிஞ்சு தொடங்குங்கோ

பழைய ஹைலக்ஸுகளில பிரேக் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால இருக்கும். அதால ஹப்பையே கழட்டோணும். ஃப்றீ வீல் ஹப், அதுக்குள்ள 54 மில்லி லொக் நட், மடிச்சு விட்ட வாஷர், பெயாரிங் எண்டு வரிசையா வரும். ஒவ்வொண்டையும் கழட்டக் கழட்ட ஃபோனில படம் எடுத்து, பேப்பர் விரிச்சு அதே வரிசையில வையுங்கோ. திரும்பப் பூட்டேக்க பெயாரிங்கைக் கழுவி புது கிறீஸ் அடைச்சு, சீலும் வாஷரும் புதுசாப் போட்டு, பெயாரிங் இறுக்கத்தை வாகனத்தின்ர கைநூலில சொன்ன மாதிரி வைக்கோணும். பெயாரிங் வேலை பழக்கமில்லாட்டி இந்த முன் ஹப்பை தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுங்கோ, பின் சில்லை நீங்கள் செய்யுங்கோ.

2004 இல வந்த ஹைலக்ஸ் வீகோவில இருந்து டிஸ்க் முன்னுக்கால கழண்டு வரும். கலிப்பர் (டிஸ்க்கை நெரிச்சுப் பிடிக்கிற பிரேக் பகுதி) போல்ட் ரெண்டையும் கழட்டி, கலிப்பரைக் கம்பியால மேல கட்டித் தொங்கவிடுங்கோ. பிரேக் ஹோஸில தொங்க விட்டா ஹோஸ் உள்ளுக்குள்ள பிஞ்சு போகும், வெளியில ஒண்டும் தெரியாது. டிஸ்க்குக்குப் பின்னால இருக்கிற தகரம் ஸ்டட்டை மறிச்சா ஹப்பைத் திருப்பி இடம் தேடுங்கோ, இல்லாட்டி தகரத்தைக் கழட்டுங்கோ.

10. பழசை எடுக்கிறது, புதுசை இருத்திறது

வேலையின்ர உயிர் இந்தப் படியில இருக்கு, ஆறுதலாச் செய்யுங்கோ.

பின் அக்சில் தட்டைத் திருப்பி, சூ ரெண்டுக்கும் இடையில சிலிண்டரோ கம்பியோ மறிக்காத ஒரு இடத்துக்கு நேர முறிஞ்ச ஸ்டட்டைக் கொண்டு வாங்கோ. ஸ்டட் முழுநீளத்துக்குப் பின்னால போக இடம் வேணும். இடம் காணாட்டி அந்தப் பக்கச் சூவைக் கழட்டுங்கோ, வளைச்சு வாங்கப் பாக்காதேங்கோ.

தலையைச் சுத்தி ஸ்பிறே அடிச்சு, பின்னால தலை உள்ள போகக்கூடிய பெரிய சொக்கற் ஒண்டை வச்சு, ஜி கிளாம்பால முன்னுக்கிருந்து ஸ்டட்டைத் தள்ளுங்கோ. கிளாம்ப் முழுக்க இறுகி நிக்கேக்க பக்கத்தில பித்தளைக் கட்டை வச்சு ஒரு தட்டு, டக்கெண்டு சத்தத்தோட வெளியில வரும். சம்மட்டியால நேர அடிச்சும் எடுக்கலாம், கன கராஜில அது தான் நடக்குது, ஆனா ஒவ்வொரு அடியும் அக்சில் பெயாரிங்குக்குத் தான் போகும். ஹப்பைக் கழட்டி வெளியில வச்சிருந்தா கவலை இல்லை, மரக்கட்டையில நல்லாத் தாங்கக் குடுத்து அடியுங்கோ.

ஓட்டையைக் கம்பி பிரஷ்ஷால துடைச்சுப் பாருங்கோ. பழைய பல்லுத் தடம் கூராத் தெரியோணும். தேய்ஞ்சு வழுவழுப்பா இருந்தா, புது ஸ்டட் கையாலயே உள்ள போனா, அந்த ஹப்போ அக்சிலோ மாத்தவேண்டியது. ஸ்டட்டுக்குப் பின்னால வெல்டிங் பொட்டு வச்சு ஓடுவம் எண்டு ஆரும் சொன்னா அங்க இருந்து வாகனத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ.

இனிப் புதுசு. பின்னால இருந்து ஸ்டட்டைப் போட்டு, பல்லைப் பழைய தடத்தில பொருந்துற மாதிரி மெல்லத் திருப்பி, நேரா நிக்குதோ எண்டு பாருங்கோ. முன்னுக்கு வாஷர்களை அடுக்குங்கோ, முதல் வாஷரின்ர ஓட்டை கொஞ்சம் பெருசா இருந்தா நல்லம், ஸ்டட்டின்ர பல்லு முன்னுக்கு எட்டிப் பாத்தாலும் முட்டாது. வாஷருகளுக்கு இடையில கொஞ்சம் கிறீஸ். பிறகு அந்தப் பழைய நட்டை மறுபக்கமாத் திருப்பி, தட்டை முகம் வாஷரில படுற மாதிரிப் போட்டு, கையால பவர் பார் பிடிச்சு ஒரே சீராச் சுத்துங்கோ. எயார் கன் வேண்டாம். கன்னில ஸ்டட் எப்ப இருந்தது எண்டு கைக்குத் தெரியாது, அது அடிச்சுக்கொண்டே இருக்கும், புது ஸ்டட் அங்கயே இழுபட்டுப் போகும்.

கையில இழுக்கேக்க ஒரே அளவு பாரமா வந்துகொண்டிருக்கும், பிறகு சட்டெண்டு கல்லு மாதிரி நிக்கும். நிண்ட உடன நிப்பாட்டுங்கோ. டோர்ச் அடிச்சுப் பின்னால பாருங்கோ, தலைக்கும் தட்டுக்கும் இடையில ஒரு கடதாசித் துண்டைச் செருகிப் பாருங்கோ, எந்தப் பக்கத்தாலயும் போகக்கூடாது. ஒரு பக்கத்தால போனா ஸ்டட் சரிஞ்சு இருக்கு, இல்லாட்டி முழுக்க இருக்கேல்லை. இழுத்து முடிஞ்ச அந்த நட்டை எறிஞ்சு விடுங்கோ, சில்லுக்குப் பாவிக்காதேங்கோ.

புதுசாச் செய்யிற ஆக்கள் இந்த வாஷர் வேலையை விட்டுட்டு, ஸ்டட்டைச் சும்மா தட்டிச் செருகி, சில்லைப் போட்டு நட்டாலயே இழுத்து இருத்தப் பாப்பினம். இறுக்கின மாதிரித் தான் இருக்கும். ஆனா தலை முழுக்க இருந்திராது, பரந்தன் முல்லைத்தீவு றோட்டில ஒரு ஓட்டம் ஓட தலை உள்ள போய் இருந்துகொள்ளும், அது போன அளவுக்கு நட்டின்ர இறுக்கம் இல்லாமப் போகும். முதல் பந்தியில சொன்ன, கொஞ்ச நாளில சில்லு ஆடுற கதை கனக்க இங்க இருந்து தான் வருது.

11. சில்லைப் பூட்டி இறுக்கிறது

ட்ரம் முகம், றிம் முகம் ரெண்டையும் கம்பி பிரஷ்ஷால உரஞ்சி, துருவும் மண்ணும் இல்லாம எடுங்கோ. குறி பாத்து ட்ரம்மைப் போடுங்கோ. ஸ்டட்டில ஒயில், கிறீஸ் பூசாதேங்கோ. பூசினா நட் லேசா ஓடும், அதே பலத்துக்கு ஸ்டட் கூட இழுபடும், கைநூலில இருக்கிற அளவு காய்ஞ்ச புரிக்குத் தான். இழுக்கேக்க பட்ட கிறீஸையும் துடைச்சு எடுங்கோ.

எல்லா நட்டையும் விரலால தொடங்குங்கோ. விரலால மூண்டு சுத்துப் போகாத நட்டுக்குப் பவர் பார் போடக்கூடாது. பிறகு ஒண்டு விட்டு எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கமா லேசா இறுக்கி, ரயர் நிலத்தில முட்டுற அளவுக்கு இறக்கி, ரெண்டு தரமா முழு அளவுக்கு இறுக்குங்கோ. வட்டமா வரிசையா இறுக்கினா றிம் ஒரு பக்கம் முதல்ல இருந்து சரிஞ்சு நிக்கும்.

அளவு எவ்வளவு? ஹைலக்ஸுக்கு 105 தொடக்கம் 110 நியூட்டன் மீற்றர். எல் 200க்கு 98 தொடக்கம் 118. அஞ்சு ஸ்டட் லாண்ட் குறூசருக்கு இரும்பு றிம் எண்டா 209, அலோய் எண்டா 131. மொடலுக்கு மொடல் வித்தியாசப்படும், கைநூல் இருந்தா அதில இருக்கிறது தான் முடிவு.

டோர்க் றெஞ்ச் இல்லாட்டி இப்ப அந்தக் கொளுக்கித் தராசை எடுங்கோ. 110 நியூட்டன் மீற்றர் எண்டது கிட்டத்தட்ட 11 கிலோவை ஒரு மீற்றர் தள்ளிப் பிடிக்கிறது. பாரில நட்டின்ர நடுவில இருந்து சரியா 50 சென்றிமீற்றரில ஒரு குறி போட்டு, அந்த இடத்தில தராசைக் கொளுவி, பாருக்கு நேர் செங்குத்தா இழுங்கோ, 22 கிலோ காட்டேக்க நிப்பாட்டுங்கோ. 209க்கு அதே இடத்தில 42, 43 கிலோ. சரிச்சு இழுத்தா கணக்குப் பிழைக்கும். மீன் நிறுக்கிற, நெல்லு மூட்டை நிறுக்கிற தராசு எதுவும் சரி, முதல் ஒருக்காத் தெரிஞ்ச நிறை ஒண்டைத் தூக்கிப் பாருங்கோ சரியாக் காட்டுதோ எண்டு.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்கோ, 75 கிலோ ஆள் அதே 50 சென்றிமீற்றர் பாரில ஏறி நிண்டா 360 நியூட்டன் மீற்றருக்கு மேல போகுது, ஹைலக்ஸ் கேக்கிறதை விட மூண்டு மடங்குக்கு மேல. அதுக்கு மேல பைப்பும் போட்டு நீட்டினா சொல்லத் தேவையில்லை. காலால மிதிச்சு இறுக்கிறது எங்கட ஊரில ஒரு நம்பிக்கை மாதிரி இருக்கு, ஸ்டட் விக்கிற கடைக்கு நல்லது.

ரயர் கடையில எயார் கன்னால பூட்டினாலும் இதே பிரச்சினை. சண்டை பிடிக்கத் தேவையில்லை, "அண்ணை, கழட்டிறதை கன்னால கழட்டுங்கோ, பூட்டேக்க சும்மா முட்ட விடுங்கோ, நான் கையால இறுக்கிறன்" எண்டு சொன்னா ஆரும் கோவிக்க மாட்டினம்.

ஒரு சின்ன விசயம், லொறி வச்சிருக்கிற ஆக்கள் இதைப் பாத்துச் செய்யிறதெண்டா, பழைய ஜப்பான் லொறியளில இடப்பக்கச் சில்லுக்கு எதிர்ப்புரி இருக்கும். ஸ்டட் நுனியில ஆங்கில எல் எழுத்து இருக்கோ எண்டு பாத்துப்போட்டு கை வையுங்கோ.

12. ஓடிப்போட்டுத் திரும்ப இறுக்கிறது

ஹாண்ட் பிரேக், அட்ஜஸ்டர் எல்லாம் சரி பாத்து, பெடல் உறுதியா நிக்குதோ எண்டு மிதிச்சுப் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ. 50 தொடக்கம் 100 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு அதே அளவுக்குத் திரும்ப இறுக்கோணும், கிளிநொச்சியில இருந்து வெளிக்கிட்டா வவுனியா போய்ச் சேரேக்க நேரம் சரி. சில்லு ஆறினாப் பிறகு பாருங்கோ. அந்த முதல் ஓட்டத்தில லோட் ஏத்தாதேங்கோ.

நட்டில இருந்து றிம்முக்கு ஒரு நேர்கோடா பெயின்ற் குறி போட்டு விடுங்கோ. பிறகு காலமை வாகனம் எடுக்கேக்க குனிஞ்சு ஒரு பார்வை பாத்தாக் காணும், கோடு விலகியிருந்தா நட் திரும்பியிருக்கு. நட்டைச் சுத்தி துருநிறத்தில கோடு வழிஞ்சிருந்தாலும் அது இளகி உரஞ்சுதெண்டு தான் அர்த்தம். மூண்டாவது தரமும் அதே நட் இளகினா இறுக்கிக்கொண்டு இருக்காதேங்கோ, கழட்டி றிம் ஓட்டையையும் ஸ்டட் தலையையும் திரும்பப் பாருங்கோ.

வாங்கேக்க ஸ்டட் ரெண்டு, நட் ரெண்டு கூட வாங்கி, அந்த வாஷர் கட்டோட ஒரு பையில போட்டு சீற்றுக்குக் கீழ வச்சிருங்கோ. நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்டு நிண்டா உதவிக்கு ஆள் வர முதல் யானை வரும்.